காற்றுக்கும் கணக்குண்டு

ஐம்பெரும் பூதங்களுள் நிலத்துக்கு வேலி உண்டு. நீருக்கு மடை உண்டு. நெருப்புக்கு அடுப்பு உண்டு. காற்றுக்கு மட்டும் உடையவர் எவருமிலர். ஆதலினாலேயே காற்று விலையில்லாப் பொருள் என்று உலகம் எண்ணிப் பழகிவிட்டது. அவ்வெண்ணம் எல்லா இடத்தும் பொருந்துவதன்று. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் காற்றுக்கும் விலை உண்டு. அவ்விலையை மாதந்தோறும் மின்சாரச் சிட்டை எழுத்தில் காட்டிவிடுகின்றது. அந்தக் காற்றை, அதற்கென அமைந்த விலையுயர்ந்த அளவுகருவி இல்லாமலே கணக்கிட்டறியும் வழிகளை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

ஊவாவின் செல்வமே காற்றினால் வந்தது என்று கூறினும் மிகையாகாது. தென்மேல் பருவக்காற்று தன் மழையை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, மலைத்தொடரைக் கடந்து, ஆடி ஆவணி மாதங்களில் வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்குகின்றது. அவ்வறட்சியில் கொழுந்து தன் ஈரத்தை இழக்கும்போது பிறக்கும் தனி மணமே, கொழும்பு ஏலத்தில் 'ஊவாப் பருவத் தேயிலை' என்று வணிகர் தேடி வாங்கும் சிறப்புக்குக் காரணம். 1883ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த ஏலத்திலே, மணத்துக்கு அடுத்தபடியாகக் கவனிக்கப்படுவது தேயிலையின் தோற்றம். கறுத்து முறுகிய இலைகளுக்கிடையே செந்நிறக் குச்சியும் நாரும் கலந்திருப்பின், மணம் எத்துணைச் சிறந்ததாயினும் விலை இறங்கிவிடும்.

முன்னாளில் அக்குச்சிகளைப் பெண்கள் வரிசையாக அமர்ந்து கையாற் பொறுக்கினர். பின்னர் மின்னேற்றமுற்ற உருளைகள் நாரைக் கவர்ந்து எடுத்தன. அதற்கும் பின்னர் வந்ததே, 'கலர் சோட்டர்' என்று தொழிலாளர் வழங்கும் நிறம் பிரிக்கும் யந்திரம். தேயிலை அதனுள் அருவிபோல் இறங்குகின்றது. கமெராவாகிய கண் ஒவ்வொரு துணுக்கையும் பார்க்கின்றது. நிறம் மாறிய துணுக்கு வந்ததும், நுண்ணிய வால்வு ஒன்று கண்ணிமைக்கும் நேரத்தினும் விரைவாகத் திறந்து மூடுகின்றது. அதன் வழியே பாயும் அமுக்கிய காற்று குச்சியைத் தட்டி வேறு வழியில் விழுத்துகின்றது. கண் எத்துணைக் கூரியதாயினும், ஊதும் காற்றுக்கு வலுவில்லையாயின் குச்சி நல்ல தேயிலையோடு சேர்ந்தே விழும்.

அந்த வலுவைத் தருவது, 'கொம்பிரசர்' எனப்படும் காற்றமுக்கி. அது வெளிக்காற்றை உறிஞ்சி, நெருக்கி, இரும்புத் தாங்கியொன்றில் அடைத்து வைக்கின்றது. இங்கேதான் காற்றுக்கு விலை ஏறுகின்றது. காற்றமுக்கிக்குக் கொடுக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகி வெளியேறிவிடும். பயன்தரும் வேலையாகக் கைக்குக் கிட்டுவது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. ஒரு தொழிற்சாலையில் உள்ள எல்லாச் சக்திகளுள்ளும் அமுக்கிய காற்றே மிகவும் விலை கூடியது எனின், கேட்போர் வியப்படைவர்.

மின்சாரக் கட்டணமோ 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023ஆம் ஆண்டு பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. பின்னர் இறங்கியும் ஏறியும் வந்துள்ளதாயினும், மின்சாரத்தைக் கணக்குப் பாராது செலவிடும் காலம் அவ்வுயர்வுகளோடு முடிந்துபோயிற்று.

இனி ஒரு தொழிற்சாலையை மனத்திற் கொள்க. அது ஹப்புத்தளைக்கு அண்மையில், கடல்மட்டத்துக்கு மேல் 1,430 மீற்றர் உயரத்தில் அமைந்தது. அங்குள்ள காற்றமுக்கியின் தகட்டில் 'நிமிடத்துக்கு 1,000 லீற்றர், 7.5 கிலோவாற்று' என்று பொறிக்கப்பட்டுள்ளது. பருவ காலம் வந்து வேலை மிகும்போது, அமுக்கமானியின் முள் ஏழிலிருந்து ஆறுக்கும் கீழே சரிகின்றது; கலர் சோட்டர் குச்சியைத் தவறவிடுகின்றது. யந்திரம் பழுதுற்றதோ, அன்றிச் சிறியதோ, வேறொன்று வாங்க வேண்டுமோ என்னும் ஐயம் டீமேக்கருக்கு எழுகின்றது. காற்றின் பாய்ச்சல்மானி ஒன்று இருப்பின் உண்மை உடனே தெரியும், அஃது அங்கில்லை. ஆயினும் மூன்று பொருள்கள் இருக்கின்றன: அளவு தெரிந்த தாங்கி, அமுக்கமானி, கைக்கடிகாரம். இம்மூன்றே போதும்.

முதலில் தாங்கியின் கொள்ளளவு. அது பெரும்பாலும் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தகடு தேய்ந்திருப்பின் நூலொன்றைச் சுற்றிக் கட்டி அளக்கலாம். சுற்றளவு 204 சென்ரிமீற்றராயின் விட்டம் ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர். நீளம் ஒன்றரை மீற்றராயின், உருளையின் கனவளவு காணும் பள்ளிக்கூடக் கணக்கின்படி கொள்ளளவு 500 லீற்றருக்கு மிக அண்மையில் வரும். அளக்குமுன் தாங்கியின் அடியிலுள்ள திருகைத் திறந்து தேங்கிய நீரை வடித்துவிடல் வேண்டும். நீர் நிற்கும் இடத்தில் காற்று நில்லாது. அதனை வடிக்காது கணக்கிடுவோர் இல்லாத இடத்துக்கும் காற்றை எழுதுவர்.

அடுத்து, அக்காற்றின் அளவு. 1662ஆம் ஆண்டில் ரொபேட் போயில் வெளியிட்ட விதி இதற்குத் துணை. வெப்பநிலை மாறாதிருப்பின், குறித்த அளவு காற்றின் அமுக்கம் எத்தனை மடங்கு கூடுகின்றதோ, அத்தனை மடங்கு அதன் கனவளவு குறையும் என்பது அவ்விதி. 500 லீற்றர்த் தாங்கியில் அமுக்கம் ஒரு 'பார்' உயருமாயின், கடல்மட்டத்து வெளிக்காற்றில் ஏறக்குறைய 500 லீற்றர் புதிதாக உட்புகுந்தது என்பது பொருள். ஐந்து பார் உயருமாயின் 2,500 லீற்றர் புகுந்தது.

ஆகவே முதற் சோதனை இது. தாங்கியிலிருந்து யந்திரங்களுக்குச் செல்லும் வால்வை இறுக மூடுக. முள் 2 பாரில் நிற்கும்போது காற்றமுக்கியை ஓட்டி, 7 பாரை அடையும் வரை கடிகாரத்தைப் பார்க்க. நிமிடத்துக்கு 1,000 லீற்றர் தரும் யந்திரமாயின் 2,500 லீற்றரை நிரப்ப இரண்டரை நிமிடம் போதும் என்று கணக்குக் கூறும். ஹப்புத்தளைத் தொழிற்சாலையிலோ அதற்கு 2 நிமிடம் 54 விநாடி செல்கின்றது. இருபத்துநான்கு விநாடி கூடுதல்! யந்திரம் தேய்ந்துவிட்டது என்று கூறவே எவருக்கும் நாவெழும். அவ்வாறு கூறுவது யந்திரத்துக்குச் செய்யும் அநீதியாகும்.

இதன் காரணத்தை அறிய 1648ஆம் ஆண்டுக்குச் செல்லல் வேண்டும். பிரான்சு நாட்டு அறிஞர் பஸ்கால், உயரச் செல்லுந்தோறும் காற்றின் அமுக்கம் குறையும் என்று கருதினார். அவர் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே என்பவர், இரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயுடன் பியூய் தெ தோம் என்னும் மலைமீது ஏறினார். அடிவாரத்தில் நின்ற உயரத்தைவிட உச்சியில் இரசம் தாழ்ந்து நின்றது. அம்மலையின் உயரம் ஏறத்தாழ 1,460 மீற்றர். ஹப்புத்தளையின் உயரத்துக்குப் பெரும்பாலும் ஒத்தது. பெரியே அன்று ஏறிக் கண்ட உண்மை, பதுளையிலிருந்து ஹப்புத்தளைக்குச் செல்லும் ஒவ்வொரு பயணிக்கும் பொருந்தும். கடல்மட்டத்தில் காற்றின் அமுக்கம் ஏறத்தாழ 1 பார். 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையில் அது 0.93 அளவில் நிற்கும். ஹப்புத்தளையில் ஏறத்தாழ 0.86க்குக் குறைந்துவிடும்.

காற்றமுக்கி ஒவ்வொரு முறையும் உறிஞ்சுவது ஒரே கனவளவுதான். ஆனால் மலைமீது அக்கனவளவினுள் அடங்கும் காற்று குறைவு. ஒரே படியால் அளந்தாலும், நெருக்கி அமுக்கிய நெல்லும் தளரப் பெய்த நெல்லும் நிறையில் ஒவ்வாதவாறு போல என்க. ஹப்புத்தளையில் 1,000 லீற்றர் உறிஞ்சும் யந்திரம், கடல்மட்டக் கணக்கில் 860 லீற்றரே தருகின்றது. 2,500ஐ 860ஆல் வகுக்க வருவது ஏறத்தாழ 2 நிமிடம் 54 விநாடி. யந்திரம் தன் கடமையைச் செவ்வனே செய்கின்றது; குறைவு மலையினுடையதேயன்றி யந்திரத்தினுடையதன்று. அதே சோதனையில் மூன்றரை நிமிடம் சென்றிருப்பின், அப்பொழுதுதான் வால்வும் வளையமும் தேய்ந்தன என்று ஐயுறல் தகும்.

ஒரு சிறு எச்சரிக்கையும் வேண்டும். நெருக்கப்படும் காற்று சூடேறும். சூடான காற்று தன் அளவை மிகைப்படுத்திக் காட்டும். ஆதலின் யந்திரத்தை நிறுத்தியபின் தாங்கி ஆறும் வரை பொறுத்திருந்து முள்ளை மீண்டும் பார்த்து, அந்தக் குறைந்த எண்ணையே கணக்கிற் சேர்த்தல் நேர்மை. அமுக்கமானியின் முள், காற்று இல்லாதபோது சுழியத்துக்கு மீளுகின்றதா என்பதையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது சோதனை, தொழிற்சாலை செலவிடும் காற்றைப் பற்றியது. வேலை இலேசான நாளில் காற்றமுக்கி 7 பாரை அடைந்ததும் ஓய்கின்றது. முள் 6 பாருக்கு இறங்கியதும் மீண்டும் ஓடுகின்றது. ஓடும் நேரத்தையும் ஓயும் நேரத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்க. ஒரு முறை குறித்தால் போதாது. பத்துப் பன்னிரண்டு முறை குறித்துக் கூட்டல் வேண்டும். நூறு நிமிடத்தில் அறுபது நிமிடம் ஓடியதாயின், தன் ஆற்றலில் நூற்றுக்கு அறுபது பங்கைச் செலவிட்டது என்பது தெளிவு. அஃதாவது, அவ்விடத்துக் காற்றின் கணக்கில் நிமிடத்துக்கு 600 லீற்றர்.

பருவ காலத்திலோ யந்திரம் ஓய்வதே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே முள் இறங்குகின்றது. அப்பொழுதும் கணக்கு உண்டு. யந்திரம் தருவது 1,000 லீற்றர்; அதற்கு மேலும் தாங்கியின் சேமிப்பு கரைகின்றது. முள் 7இலிருந்து 6க்கு எட்டு நிமிடத்தில் இறங்குமாயின், 500 லீற்றரை 0.86ஆல் வகுக்க வரும் 581 லீற்றர் எட்டு நிமிடத்தில் கரைந்தது. நிமிடத்துக்கு 70க்குச் சற்று மேல். ஆகவே மொத்தச் செலவு நிமிடத்துக்கு 1,070 லீற்றர். வரவு 1,000, செலவு 1,070. இந்நிலை கண்ட டீமேக்கர், இரண்டாவது காற்றமுக்கி வேண்டும் என்று நிருவாகத்துக்கு எழுத முனைவதில் வியப்பில்லை.

அவ்விண்ணப்பத்தை எழுதுமுன் மூன்றாவது சோதனை ஒன்று உண்டு. எல்லாவற்றிலும் முதன்மையானதும், செலவே இல்லாததும், பெரும்பாலும் எவராலும் செய்யப்படாததும் அதுவே. தேயிலை பிரிக்கும் வேலை முடிந்து, யந்திரங்கள் நிறுத்தப்பட்டு, தொழிற்சாலை அமைதியாயிருக்கும் வேளையிலே, குழாய்களின் வால்வுகளைத் திறந்தபடியே வைத்துக் காற்றமுக்கியை மட்டும் ஓட்டுக. காற்றை வேண்டுவார் எவருமிலர். ஆகவே ஒரு முறை நிரம்பியபின் அது ஓய்ந்தே இருத்தல் வேண்டும். ஓயாது மீண்டும் மீண்டும் ஓடுமாயின், அது கசிவுக்கு உழைக்கின்றது.

மனத்திற்கொண்ட தொழிற்சாலையில் அது 44 விநாடி ஓடி, 174 விநாடி ஓய்ந்து, மீண்டும் 44 விநாடி ஓடுகின்றது. இரண்டையும் கூட்டினால் 218 விநாடி. அதில் 44 விநாடி ஓட்டம். நூற்றுக்கு இருபது பங்கு! நிமிடத்துக்கு 200 லீற்றர் காற்று எவருக்கும் பயனின்றி வெளியேறுகின்றது. வேறு வழியாலும் இதனைச் சரிபார்க்கலாம். அவ்வோய்வு நேரத்தில் முள் 7இலிருந்து 6க்கு இறங்கியது. 581 லீற்றரை 174 விநாடியில், அஃதாவது 2.9 நிமிடத்தில் தாங்கி இழந்தது. நிமிடத்துக்கு 200 லீற்றர். இரு வழியும் ஒரே விடையைத் தருமாயின் அக்கணக்கை நம்பலாம். குழாய் மிக நீண்டதாயின் அதன் உட்கொள்ளளவையும் தாங்கியோடு கூட்டல் வேண்டும்.

இலேசான நாளில் 600 லீற்றர் செலவாயிற்று என்று கண்டோம். அதில் 200 கசிவு. மூன்றிலொரு பங்கு காற்று தேயிலையைத் தொடாமலே போயிற்று. இத்துணைக் காற்று வெளியேறப் பெரிய ஓட்டை வேண்டும் என்று எண்ணுதல் தவறு. ஏழு பார் அமுக்கத்தில் ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள துளை நிமிடத்துக்கு 60 முதல் 70 லீற்றர் வரை கசியவிடும். தையலூசியின் பருமனுள்ள துளைகள் மூன்று போதும். துளையின் விட்டம் இருமடங்காயின் கசிவு நான்கு மடங்காகும். தளர்ந்த திருகு, வெடித்த இறப்பர்க் குழாய், நீர்வடி திருகின் தேய்ந்த வாய் என்பன அவை ஒளிந்திருக்கும் இடங்கள். பகலில் யந்திர இரைச்சல் அவற்றின் சீறலை மறைத்துவிடும். இரவில் செவி கொடுப்போருக்கு அவை தாமே தம் இருப்பிடத்தைக் கூறும். ஐயமுள்ள மூட்டில் சவர்க்கார நுரையைத் தூரிகையால் தடவினால் குமிழி எழும். கையை வைத்துத் தேடுதல் கூடாது. அமுக்கிய காற்று தோலைத் துளைத்து ஊறு செய்யவல்லது. திருகை இறுக்குமுன் குழாயின் அமுக்கத்தை முற்றும் இறக்கிவிடலும் வேண்டும்.

இக்கசிவின் விலை யாது? 7.5 கிலோவாற்றில் இருபது வீதம் 1.5 கிலோவாற்று. நாளொன்றுக்கு 20 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் எனக் கொண்டால் 6,000 மணி நேரம். 9,000 மின் அலகு. அலகொன்றுக்கு 20 ரூபா என்று வைத்துக்கொள்ளினும் 1,80,000 ரூபா. 2024ஆம் ஆண்டு செப்ரெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாளொன்றுக்கான அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. ஊசித் துளைகள் மூன்றும் ஓராண்டில் உண்டது, கொழுந்து பறிக்கும் ஒரு பெண் 133 நாள் மலையேறி இறங்கி ஈட்டும் ஊதியத்தை. சம்பளம் கூட்டிக் கேட்கும்போது தொழிற்சாலையின் செலவு கூடிவிட்டது என்று விடை வரும் நாட்டிலே, அச்செலவில் எத்துணை பங்கு தேயிலைக்கு ஆயிற்று, எத்துணை பங்கு வெறுங் காற்றாய்ப் போயிற்று என்று அறிந்துகொள்வது இரு பக்கத்தார்க்கும் கடன்.

பருவ காலக் கணக்கை மீண்டும் நோக்குக. மொத்தச் செலவு 1,070, கசிவு 200, கலர் சோட்டர் முதலியவற்றின் உண்மைத் தேவை 870. கசிவை முற்றும் ஒழித்தல் அரிது. அதனை 50 லீற்றராகக் குறைத்தல் எளிது. அப்பொழுது செலவு 920. வரவாகிய 1,000 லீற்றருக்குள் அது அடங்கிவிடும். முள் சரியாது; குச்சி தவறாது; இரண்டாவது காற்றமுக்கியும் வேண்டுவதில்லை. இலட்சக்கணக்கில் விலைகொடுத்து வாங்கவிருந்த யந்திரத்தின் வேலையைச் சிறிது சவர்க்காரமும் சில இறப்பர் வளையங்களும் செய்து முடித்தன. சோதியாது புதிய யந்திரத்தை வாங்கியிருந்தாலோ, அதுவும் அந்த ஓட்டைகளுக்கே உழைத்திருக்கும். அமுக்கம் குறைகின்றது என்று யந்திரத்தின் அமுக்கத்தை மேலும் உயர்த்துவதும் இத்தகைய பிழையே. ஒரு பார் உயர்த்தினால் மின்செலவு ஏறத்தாழ ஏழு வீதம் கூடும். கசிவும் அதனோடு கூடும். காப்பு வால்வை இறுக்கி அமுக்கத்தை ஏற்ற முயல்வதோ உயிருக்கே ஊறு.

இம்முறைகள் தருவன மதிப்பீடுகளே. நூற்றுக்குப் பத்துப் பங்கு முன்பின் ஆகலாம் என்று கொள்ளல் தகும். ஆயினும் முடிவு செய்வதற்கு அவை போதும். இருபது வீதம் கசிகின்றது என்பதும் பதினெட்டு வீதம் கசிகின்றது என்பதும் செயலளவில் ஒன்றே. இரண்டுக்கும் மருந்தும் ஒன்றே. திங்கள்தோறும் ஒரு நாள் இச்சோதனையைச் செய்து, ஓடிய விநாடியையும் ஓய்ந்த விநாடியையும் ஒரு கொப்பியில் எழுதிவருதல் வேண்டும். எண் மெல்ல ஏறிவருவதைக் கண்டால், எங்கோ புதிய துளை பிறந்தது என்று அக்கொப்பியே அறிவித்துவிடும்.

வரவைப் பெருக்குமுன் செலவின் வாயிலைக் காத்தல் வேண்டும் என்பது தமிழ்க் குடும்பங்கள் வழிவழியாக அறிந்த பாடம். இங்கே கூறிய கணக்கு எதுவும் ஒன்பதாம் வகுப்பு மாணவரின் அறிவுக்கு அப்பாற்பட்டதன்று. பதுளையிலும் பண்டாரவளையிலும் பசறையிலும் உருளையின் கனவளவையும் போயிலின் விதியையும் மனனஞ் செய்யும் பிள்ளைகளுள் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்தம் பாடப்புத்தகத்து விதி, கண்ணெதிரே நிற்கும் தொழிற்சாலையில் நாள்தோறும் நடந்துகொண்டிருக்கின்றது. அதனை அங்கே சென்று காண்பிக்கும் ஆசிரியரும், காணவிடும் துரைமாரும் வாய்ப்பின், கணக்கு அப்பிள்ளைகளுக்குப் பரீட்சைக்குரிய சுமையாக இராது.

ஆடி பிறந்ததும் வறண்ட காற்று மலைத்தொடரைக் கடந்து ஊவாவுக்குள் மீண்டும் இறங்கும். அக்காற்று இயற்கை தந்தது, அதற்கு விலையில்லை. தொழிற்சாலையின் இரும்புத் தாங்கியில் அடைபட்டிருக்கும் காற்றோ மனிதர் விலைகொடுத்துப் பெற்றது. அதனைக் கடிகாரமும் கையுமாகக் காப்பது அவர்தம் பொறுப்பு.